இருபத்தேழாம் நம்பர்

நாற்பத்திரண்டு பேர் போய் நாற்பத்தொரு பேர் திரும்பிய சுற்றுலா அது. ஆனால் திரும்பியவர்களை எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பத்திரண்டுதான் வந்தது. இப்படித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் தாத்தா கதை சொல்லும்போது நடந்ததை முதலில் வைத்துவிடுவார், ஏன் நடந்தது என்பதை யாராவது கேட்டால்தான் சொல்வார், நாங்கள் கேட்கவும் மாட்டோம், ராசா மகன் மயிலாகிப் பறந்தான் என்றால் பறந்தான், மயிலாகிப்போன பிள்ளைக்கு அவன் அம்மா அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பாடு வைத்தாள் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊரில் பாதி எலுமிச்சைத் தோட்டம், மீதிப் பாதி எலுமிச்சை விற்கிற கமிஷன் கடை. நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் தை மாதத்தில் ஒருநாள் சுற்றுலா போனோம், கன்னியாகுமரி பார்த்துவிட்டுக் கடைசியாக வட்டக்கோட்டை. ஒவ்வொரு இடத்திலும் திரும்ப ஏறும்போது ஜெபராணி டீச்சர் பஸ் வாசலில் நின்று விசில் ஊதுவார், பிரேயரில் நிற்கிற உயர வரிசைப்படி எங்களுக்கு நம்பர் கொடுத்திருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குக் குரல் ஓடும், நாற்பத்திரண்டு என்று கடைசிக் குரல் கேட்டதும் டிரைவர் கியர் போடுவார். உயர வரிசையில் நான் இருபத்தாறு, முப்பிடாதி இருபத்தேழு. ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் என்னைவிட ஒரு விரல்கடை கூடுதல். முழுப் பரீட்சை லீவுக்குள் நான் வளர்ந்து எட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஜூனில் போய் நின்றால் அவள் இன்னொரு விரல்கடை வளர்ந்து வந்து எனக்குப் பின்னால் நிற்பாள். ஏழு வருஷம் என் பின்கழுத்தில் அவள் மூச்சு பட்டுக்கொண்டே தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியிருக்கிறேன்.

முப்பிடாதி அதற்கு முன்னால் கடலைப் பார்த்ததில்லை. கன்னியாகுமரியில் பார்த்தாயே என்றதற்கு, கூட்டத்துக்குள் நின்று பார்த்ததெல்லாம் பார்த்ததாகாது, அது ஆட்களைப் பார்த்தது என்றாள். வட்டக்கோட்டையில் ஆளில்லை. கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர். விசில் சத்தம் கேட்டபோது அவள் திரும்பக்கூட இல்லை.

"ஏட்டி செம்பா, நீ போய் ஏறு. என் நம்பரையும் சேத்துச் சொல்லிரு. நாப்பத்திரெண்டு வாரதுக்குள்ள நான் வந்துருதேன்."

"டீச்சர் கண்டுபிடிச்சிருவாவ."

"எங் கொரல்ல சொல்லு. உன்ன என்ன பரீட்சையா எழுதச் சொன்னேன்? அஞ்சு நிமிசம் பாத்துக்கிடுதேன்."

நான் ஓடிப்போய் ஏறி, என் முறை வந்ததும் இருபத்தாறு என்று சொல்லி, எனக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு இருபத்தேழும் சொன்னேன். அவளை மாதிரிப் பேசிக்காட்டுவது எனக்குப் பழக்கம்தான், வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு வந்தது மாதிரி இல்லை. அவள் குரலேதான் என் வாயிலிருந்து எழுந்து போய் வரிசையில் தன் இடத்தில் நின்றது, அதற்குப் பின்னால் இருபத்தெட்டு வந்தது, இருபத்தொன்பது வந்தது, நாற்பத்திரண்டும் வந்தது, பஸ் கிளம்பிவிட்டது, முப்பிடாதி மட்டும் வரவில்லை.

"டீச்சர், முப்பிடாதி ஏறல."

டீச்சர் பஸ்ஸை நிறுத்தி, எழுந்து, ஒவ்வொரு தலையாக விரல்விட்டு எண்ணினார். நாற்பத்திரண்டு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினார். நாற்பத்திரண்டு. டிரைவர் இறங்கி வந்து அவரும் ஒரு தடவை எண்ணினார்.

"சரியாத்தான இருக்கு. ஏன் பிள்ள அழுத?"

"ஆள் இல்ல டீச்சர்."

"ஆள் இல்லாம நம்பர் எப்படிட்டி வரும்?"

நான்தான் சொன்னேன் என்று அழுதுகொண்டே சொன்னேன், சரி, நீ ரெண்டு சொல்லியிருந்தா தலை ஒண்ணு குறையணுமே என்று டீச்சர் மறுபடி எண்ணினார், குறையவில்லை. பஸ் ஊரைப் பார்த்துப் போனது. வழியில் நாற்பத்திரண்டு சோற்றுப் பொட்டலமும் கொடுத்து முடிந்தது, என் பக்கத்துக் காலி சீட்டில் ஒரு பொட்டலம் உட்கார்ந்து வந்தது.

முப்பிடாதியை ஒரு மீன்காரம்மா தன் வீட்டில் படுக்கவைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காலை பத்து மணிக்கு அவள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அவள் அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, படிச்சது போதும் என்று மட்டும் சொன்னார். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, அதைக்கூட எழுத விடவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "நம்பர் சரியா இருந்துச்சாம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மார்க் வாங்கினேன், திருச்சியில் புள்ளியியல் பாடத்துக்கு இடம் கிடைத்தது, ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பக்கெட்டோடும் போய் ஹாஸ்டலில் சேர்ந்தேன்.

ஹாஸ்டலில் நூற்றுப் பதினெட்டுப் பேர். முதல் நாள் சாயங்காலம் வார்டன் எண்ணியபோது நூற்றுப் பத்தொன்பது வந்தது.

யாராவது வெளியாள் உள்ளே இருக்கிறார்களா என்று அறை அறையாகப் பார்த்தார்கள், கட்டிலடியில் பார்த்தார்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள், பெயர் கூப்பிட்டால் நூற்றுப் பதினெட்டு, தலை எண்ணினால் நூற்றுப் பத்தொன்பது. ஒரு வாரம் வார்டன் கோபித்துக்கொண்டார், மறுவாரம் கண்ணாடி மாற்றிக்கொண்டார், மூன்றாவது வாரம் பதிவேட்டில் நூற்றுப் பத்தொன்பது என்றே எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். மெஸ் மாஸ்டர் அடைக்கலம் அண்ணனுக்கு அந்த ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. கூட ஒரு ஆள் என்றால் கூட ஒரு தட்டு, இதுக்கு எதுக்குக் கூட்டம் போட்டுப் பேசுறீங்க பாப்பா என்று, ஜன்னலோர மேசையில் தினமும் ஒரு தட்டு வைக்க ஆரம்பித்தார். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும், இட்லி குறையாது, சோறு குறையாது, கடைசியில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால் உப்பு மட்டும் இருக்காது. ஒரு துளி இருக்காது. சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்கு புள்ள என்பார் அடைக்கலம் அண்ணன், திருப்தியாக.

அப்படியே எல்லாம் பழகிவிட்டது. குளியலறை வரிசையில் ஒரு பக்கெட் நீளத்துக்கு இடம் விட்டு நின்றோம். வகுப்பில் அறுபது பேருக்கு அறுபத்தொரு விடைத்தாள் போகும், அறுபத்தொன்று திரும்பி வரும், ஒன்று வெறுந்தாள், மூக்கில் வைத்தால் எலுமிச்சை இலையைக் கசக்கின வாசனை அடிக்கும். எங்கள் ஹேமலதா மேடம் அந்தத் தாளைச் சுழியம் போடாமல் தனியாக ஒரு கோப்பில் சேர்த்துவைத்தார். "எண்ணும்போது ஒண்ணு கூடினா எண்ணினவங்க தப்பு," என்று பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார். "எப்ப எண்ணினாலும் அதே ஒண்ணு கூடினா அது தப்பு இல்லம்மா, ஆளு." முக்கொம்புக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் போனால் கண்டக்டர் பதின்மூன்று டிக்கெட் கிழித்துவிட்டு, கூட ஒருத்தர் எங்கே என்று கேட்கிற எங்களையே முறைப்பார். மலைக்கோட்டையில் ஐயர் பதின்மூன்று கைக்கு விபூதி கொடுத்துவிட்டுப் போவார். படியில் ஒரு இடத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் விழுந்து கிடக்கும்.

அவள் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். பின்கழுத்தில் மூச்சு பட்டதே. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும், எனக்கு அவள் வேண்டியிருந்தது. ஊரில் கதவைச் சாத்திக்கொண்டவள் இங்கே கூட வந்தாள். வகைக் கெழுக் கணக்கு விளங்காமல் நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் கனம் இருந்தது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஊர் ஞாபகம் வந்தால், கட்டிலோரம் உட்கார்ந்து அவளுக்குத் தாத்தாவின் மயில் கதையைச் சொல்வேன், அவள் உம் கொட்டுவது கேட்காது, ஆனால் உம் கொட்ட வேண்டிய இடத்தில் நான் நிறுத்தினால் அந்த இடைவெளி சரியாக ஒரு உம் அளவுக்கு இருக்கும்.

எனக்கு மட்டும் இல்லை. என் அறைத்தோழி பர்வீனுக்கு கோட்டைப்பட்டினம், அவளோடு ஒரே பெஞ்சில் பத்து வருஷம் படித்த நூருல்ஹுதா கல்யாணமாகி மலேசியாவுக்குப் போய்விட்டாள், கூட இருக்கிறது நூருதான் என்பதில் பர்வீனுக்குச் சந்தேகமே கிடையாது, வெள்ளிக்கிழமை பிரியாணி வந்தால் ஜன்னலோரத் தட்டில் தன் முட்டையைப் போய் வைத்துவிட்டு வருவாள். அரியலூர்ப் பிள்ளை ஒருத்தி அது மஞ்சள் காமாலையில் போன தன் சிநேகிதி என்றாள். வார்டனுக்கே யாரோ இருந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்த மேசையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். நூற்றுப் பதினெட்டுப் பேரும் நூற்றுப் பதினெட்டு ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரே ஒரு தட்டு போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். மழை, ரேஷன், பக்கத்து வீட்டுக் கல்யாணம். பேச்சோடு பேச்சாக, "அந்த முப்பிடாதி இருக்கால்லா, அவளுக்கு மட்டும் பந்தில எல விழ மாட்டேங்குட்டி" என்றாள்.

"என்னம்மா சொல்லுத?"

"வரிசையா எல போட்டுட்டு வாரான், அவ உக்காந்திருக்கா, அவளத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போட்டுட்டுப் போயிருதான். வேணும்னு செய்யல. போட்டவனக் கேட்டா, எல்லாருக்கும் போட்டேனே, எண்ணிப் பாருங்கங்கான். எண்ணினா சரியாத்தான் இருக்கு. அவளத் தவிர. ரெண்டு வருசமா இப்படித்தானாம். அவ அப்பனே, எத்தன பொண்ணுன்னு கேட்டா ரெண்டுங்கான். மூணுல்லாடே உனக்குன்னா முழிக்கான். மொதல்லல்லாம் அவ, எனக்கு எல எங்கன்னு சத்தம் போடுவா. இப்ப கேக்கிறதே இல்ல. பாத்திரம் கழுவுத இடத்துல நின்னு தின்னுட்டுப் போயிருதா. இன்னும் கொஞ்ச நாள்ல அவளே அவள எண்ண மாட்டா போல."

அன்றைக்கு மெஸ்ஸில் ஜன்னலோரத் தட்டைப் பார்த்தேன். உளுந்தவடை வைத்திருந்தது.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போய், நேராக முப்பிடாதி வேலை பார்க்கிற கமிஷன் கடைக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய், பழம், சொத்தை என்று எலுமிச்சையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், தரையெல்லாம் மஞ்சள். பன்னிரண்டு பேர். டீக்கடைப் பெண் தூக்குக் கம்பியில் தம்ளர்களோடு வந்து, ஒவ்வொருவருக்காகக் கொடுத்து, கம்பி காலியானதும் திரும்பிப் போனாள். பதினோரு தம்ளர். பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்தவள் நிமிரவே இல்லை, அவள் கை பழத்தைப் பழத்தோடு போட்டது. வளர்ந்திருந்தாள். இன்னும் என்னைவிட ஒரு விரல்கடை இருப்பாள்.

"முப்பி."

"யாரு, காலேஜ்காரியா." குரல் மட்டும் மாறவில்லை. எனக்கு என் தொண்டையில் கேட்ட மாதிரி இருந்தது. "ஏட்டி, உங்க மெஸ்ல செவ்வாக்கெழம சாம்பாருக்கு யாரு உப்பு போடுதது? அள்ளிப் போடுதான். நான் இங்க பழைய சோறு தின்னுட்டு இருக்கேன், வாயெல்லாம் கரிக்கி."

"உனக்குத் தெரியுமா?"

"நாக்கு எனக்குத்தான இருக்கு. புதன்கெழம பொங்கல், வெள்ளிக்கெழம முட்ட. அதுவும் முட்டைக்கு மேல ஒரு முட்ட. யாருட்டி அவ, அவ்வளவு பிரியமா வைக்கவ?"

பர்வீன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பழம் பிரித்தாள்.

"மூணு வருசமா என் நம்பர வச்சுச் சாப்பிட்டிருக்க. நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்தது என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அத வச்சு நான் என்ன செய்ய? திருப்பிக் குடு."

அங்கேயே எலுமிச்சைக் குவியலுக்கு நடுவில், இந்தா உன் நம்பர், இருபத்தேழு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வாங்கிக்கொண்டதாகச் சொல்லிப் பார்த்தாள். டீக்காரப் பெண் அடுத்த சுற்றுக்கு வந்தாள், வட்டத்துக்குப் பதினோரு தம்ளர்தான். எனக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு இருக்க வேண்டும், பதின்மூன்று இருந்தது, அப்போதுதான் கவனித்தேன், எனக்கு இரண்டு தம்ளர் கொடுத்திருந்தாள். இரண்டாவதை முப்பிடாதியிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

"வரிசையில சொன்னது, வரிசையிலதான் திரும்பும்," என்றாள், தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே. "இருபத்தாறுக்குப் பின்னால. அதே எடத்துல."

வகுப்பில் படித்த நாற்பத்திரண்டு பேரும் இப்போது எங்கெங்கோ, பாதிப் பேர் திருப்பூரில், நாலு பேர் கைக்குழந்தையோடு. ஆனால் எனக்கு முன்னால் இருபத்தைந்து குரல் இருந்தால் போதும். திருச்சிக்குத் திரும்பி, ஒரு சாயங்காலம் மெஸ்ஸில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை, விசில், குரல், பந்தி, இலை. அவளைத் திருப்பி அனுப்ப, எனக்கு முன்னால் நம்பர் சொல்ல இருபத்தைந்து பேர் வேண்டும் என்றேன்.

"பொய் சொல்ற," என்றாள் பர்வீன். "அது என் நூரு."

"எலுமிச்ச வாசன வருதுல்ல பர்வீன்."

"வந்தா? எங்க ஊர்ல எலுமிச்ச கிடையாதா?" அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடைக்கலம் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "அனுப்பிட்டா அப்புறம் அந்தத் தட்டுக்கு நான் என்ன பாப்பா பண்றது?" என்று கேட்டார். மூன்று நாள் ஹாஸ்டலில் என்னோடு ஒருவரும் பேசவில்லை, ஜன்னலோர மேசையில் மட்டும் கூட்டமாக இருந்தது, போய் உட்கார்ந்தார்கள், வந்தார்கள், பூ வைத்தார்கள், ஒருத்தி செமஸ்டர் மார்க்ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். நாலாம் நாள் பர்வீன் ஒரு நோட்டுத்தாளை என் கட்டிலில் போட்டாள். தாளில் ஒன்று என்று போட்டு அவள் பெயர் எழுதியிருந்தது.

"வேற ஒருத்தி எலையில நாம எத்தன நாள்டி சாப்பிடுறது," என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தாளில் இருபத்தைந்து பெயர் நிரம்பிவிட்டது.

தை மாதம் கடைசி வருஷ மாணவிகளின் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்து, வார்டனிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பஸ் பிடித்துக் கிளம்பினோம். பர்வீன் தொடங்கி என்வரை இருபத்தாறு பேர், எண்ணினால் இருபத்தேழு. எங்கள் ஊரில் ராத் தங்கினோம். ஜெபராணி டீச்சரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லி, கூட வரக் கேட்டிருந்தேன். அந்தச் சுற்றுலாவுக்குப் பின்னால் அவர் எண்களை நம்புவதில்லை, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் உச்சந்தலையையும் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுத்தான் வருகைப் பதிவு எடுக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். பழைய விசிலைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தார். அம்மா எலுமிச்சம்பழச் சோறு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"உங்க அப்பாட்ட கேட்டியா?" என்றேன் முப்பிடாதியிடம்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டும் வீட்ல இருக்கு. நான் எங்க போனாலும் அவருக்குக் கொறயாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் எண்ணினார். இருபத்தேழு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எண்ணிக்கையும் ஆளும் சரியாக இருந்தன. எனக்கு அப்போது ஒரு ஆசை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலும் குறைவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடுகிறது, டீக்காரப் பெண்கூட அன்றைக்குச் சரியாகத்தானே தம்ளர் கொடுத்தாள், கோட்டைக்கே போக வேண்டாம், இவள் என்னோடு திருச்சிக்கு வந்துவிட்டால் போதும், என் பக்கத்திலேயே இருந்துவிட்டால் இவளுக்கு எல்லாப் பந்தியிலும் இலை விழும். அதை அவளிடம் சொன்னேன்.

அவள் ஜன்னல் வழியாகக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உன் பக்கத்துல இருந்தாத்தான் நான் ஒரு ஆளாட்டி?" என்று கேட்டாள்.



சாயங்காலம் நாலரைக்கு வட்டக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் சுவர்மேல் ஏறிப் போட்டோ எடுத்தார்கள், துப்பட்டாக்கள் பறந்தன, பர்வீன் எங்க கடல் மாதிரி இல்ல, இங்க சத்தம் ஜாஸ்தி என்றாள். டீச்சர் விசில் ஊதினார். இருபத்தைந்து பேரும் இறங்கி வந்து ஏறினார்கள், நானும் ஏறினேன், முப்பிடாதி மட்டும் சுவர்மேலேயே நின்றாள், பாவாடை காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கி, அன்றைக்கு நின்ற மாதிரியே, முதுகைக் காட்டிக்கொண்டு.

டீச்சர் வாசலில் நின்றார். ஒன்று என்றாள் பர்வீன். இரண்டு, மூன்று, நாலு. அரியலூர்ப் பிள்ளை பதினொன்று சொல்லும்போது குரல் உடைந்தது. இருபத்துநாலு. இருபத்தைந்து. நான் இருபத்தாறு சொன்னேன்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

என் தொண்டைக்குள் அது எழுந்து நின்றது, அவள் குரலில், சொல்வதற்குத் தயாராக, மூன்று வருஷம் என்னோடு சாப்பிட்டது, என்னோடு படித்தது, நான் நிறுத்திய இடத்தில் எல்லாம் உம் கொட்டியது. வாயைத் திறந்தால் போதும், கணக்குச் சரியாகி, கியர் விழுந்து, எல்லோரும் அவரவர் சிநேகிதியோடு ஊர் திரும்பலாம். பர்வீன் முன்சீட்டிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற மாதிரி. டிரைவர் திரும்பிப் பார்த்து, என்ன டீச்சர், இன்னொரு தடவை ஊதுங்களேன் என்றார்.

"அஞ்சு நிமிசம்னு கேட்டிருந்தா," என்றார் டீச்சர். "பாத்துக்கிடட்டும்."

யாரும் மணி பார்க்கவில்லை. அலை வந்தது, போனது. நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் சுவரிலிருந்து இறங்கினாள், அவசரமில்லாமல் மணலில் நடந்து வந்தாள், செருப்பைத் தட்டி மண்ணை உதறினாள், படியில் கால் வைத்தாள். டீச்சர் அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"இருபத்தேழு," என்றாள் முப்பிடாதி.

என் தொண்டையில் நின்றது, எலுமிச்சை விதை வழுக்குகிற மாதிரி வழுக்கிப் போய்விட்டது. பின்கழுத்து குளிர்ந்தது. பஸ்ஸுக்குள் ஒவ்வொருத்தியும் தன் பக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பஸ் நாகர்கோவில் தாண்டவில்லை, முப்பிடாதியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எங்கட்டி போய்த் தொலைஞ்ச? மூணு பிள்ளைல ஒண்ணக் காணும்னு தெருத்தெருவா தேடிட்டுக் கெடக்கேன், சொல்லிட்டுப் போனா என்ன கழுத?" அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அப்பா திட்டி முடிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். முடித்தபின், இன்னும் கொஞ்சம் திட்டுவாரோ என்பதுபோலப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலம் பிரித்தோம். அவள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள், நின்றாள்.

"உங்க அம்மா உப்பு போட மறந்துட்டாவளா?" இன்னொரு வாய் வைத்து மெதுவாக மென்றாள். "இல்ல. இருக்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் போல."

"என்ன மன்னிச்சிட்டியா முப்பி?"

"எல விழுந்தா சாப்பிடணும். எல வந்த கதையக் கேட்டுட்டு இருப்பாவளா?" சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு எழுந்து முன்சீட்டுக்குப் போய், தனித்தேர்வு எழுதுவதற்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டே வந்தாள், ஊர் வரும்வரை என் பக்கத்து சீட்டுக்குத் திரும்பவில்லை. இறங்கும்போது கையைக் காட்டினாள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் காட்டினாள்.

நாங்கள் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்த அன்று வார்டன் எண்ணினார், நூற்றுப் பதினெட்டு, பதிவேட்டில் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அடைக்கலம் அண்ணன் அன்றைக்கும் ஜன்னலோரத்தில் தட்டு வைத்திருந்தார். கை பழகிருச்சு பாப்பா, நான் என்ன செய்ய என்றார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போகும்வரை காத்திருந்து, நான் அந்த மேசைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. சோறும் சாம்பாரும் வைத்தபடி இருந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு கரித்தது.